வீட்டில் கட்டும் ஸ்டேரிங்: கராஜ் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களை மறுபடி இறக்க அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இன் டொலர் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டதால், நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளே திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டப்பட்டன. ஊவா மாகாணத்தில் பதுளையிலிருந்து மொனராகலை வரை மலையிலும் அடிவாரத்திலும் உள்ள கராஜ்களுக்கு இது புதிய வேலை அல்ல. தோட்டத்துப் பழைய ஜீப்பில் ஜப்பான் டீசல் எஞ்சினை ஏற்றுவது இந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக நடப்பதுதான். ஆனால் எஞ்சின் மாறும்போது அதன் அகலமும் உயரமும் மாறுகின்றன. ஸ்டேரிங் பெட்டி இருந்த இடத்தில் சைலன்சர் குழாய் வந்து நிற்கிறது, அல்லது கிளட்ச் உறை முட்டுகிறது. அந்தப் பெட்டியை எங்கே நகர்த்துவது, நகர்த்தலாமா, நகர்த்தினால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் அங்கே பிறக்கின்றன. ஸ்டேரிங்கின் உறுப்புகள் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு நல்ல கராஜ் தானே தீர்மானிக்கலாம். விசையைச் சுமக்கும் உறுப்புகளைத் தானே செய்யக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இந்த எல்லைக்கோடு மங்கினால், பாஸ்மார் எனப்படும் கராஜ் மெக்கானிக்குகளின் உழைப்பு ஸ்டேரிங் பெட்டியையும் அதன் கையையும் வெட்டி ஒட்டுவதில் போய்விடுகிறது. எந்தப் புள்ளியில் எது நிற்க வேண்டும் என்ற கணக்கு கண்ணளவோடு முடிந்துவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவின் ஹொட் ரொட் (வேகத்துக்காக மாற்றிய பழைய கார்) கட்டுநர்கள் கண்ட விடைகளில் ஒன்றுதான் கவுல் ஸ்டேரிங். கவுல் என்பது போனட் முடியும் இடத்துக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே, ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருக்கும் உடற்பகுதி. வழக்கமான பழைய காரில் ஸ்டேரிங் பெட்டி எஞ்சினுக்குப் பக்கத்தில் செசியில் பூட்டப்பட்டிருக்கும். கவுல் ஸ்டேரிங்கில் அது பின்னால் தள்ளி, கவுலுக்குள் உயரத்தில் அமர்கிறது. பெட்டியின் குறுக்குத் தண்டு பக்கத் தகட்டைத் துளைத்து வெளியே வருகிறது. அதன் முனையில் பிட்மன் ஆம் எனப்படும் கை தொங்குகிறது. கை முன்னும் பின்னும் ஆட, அதிலிருந்து ட்ரேக் லிங்க் என்ற நீண்ட கம்பி வண்டியின் வெளிப்பக்கமாக ஓடி ஒரு முன்சக்கரத்தின் கையைத் தள்ளுகிறது; மறுசக்கரத்தை டை ரொட் இழுத்துப் போகிறது. வட்டப் பாதையில் ஓடிய சிறிய பந்தயக் கார்களில் இந்த அமைப்பு பரவலாக இருந்தது. அவற்றின் உடல் ஒடுக்கம், எஞ்சின் அகலம், பக்கத்தில் இடமில்லை. 1937இல் தென் கலிபோர்னியாவில் வேகக் கணக்கெடுப்புச் சங்கம் அமைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்ட்களை ஓட்டிய இளைஞர்களின் பரம்பரைக்கும் அது வந்து சேர்ந்தது. எஞ்சினைச் சுற்றி இடம் விடுபடுவதும், ஸ்டேரிங் தண்டு எஞ்சின் அறைக்குள் நுழையாததும் அதன் நன்மைகள்.

இதைக் கலிபோர்னியாவின் விசித்திரம் என்று ஒதுக்குபவர்கள் பெல்வத்தைக்கும் செவனகலைக்கும் கரும்பு ஏற்றிப் போகும் பழைய மாசி பெர்குசன் ஒன்றைக் குனிந்து பார்த்தால் போதும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட சாம்பல்நிறப் பெர்குசன் டிஇ20இல் ஸ்டேரிங் பெட்டி ஓட்டுநருக்கு நேர் முன்னால், எஞ்சினுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறது. பெட்டியின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு கை. ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு நீண்ட கம்பி எஞ்சினின் வெளிப்பக்கமாக முன்சக்கரத்துக்கு ஓடுகிறது. சக்கரத்துக்குச் சக்கரம் குறுக்கே டை ரொட் கூடக் கிடையாது. பின்னர் வந்த மாசி பெர்குசன் 35 இந்த அமைப்பையே பின்பற்றியது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே அந்த வழிவந்த ட்ரெக்டர்களைச் செய்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெர்குசனில் முன் அச்சைப் பின்னோக்கிப் பிடித்திருக்கும் ரேடியஸ் ரொட்டும் ஸ்டேரிங் கம்பியும் ஏறக்குறைய ஒரே திசையில், அருகருகே ஓடுகின்றன. அச்சு நகரும் பாதையும் கம்பியின் முனை நகரும் பாதையும் ஒத்துப்போவதற்காகவே அப்படி. முன்சக்கரங்களின் இடைவெளியை மாற்றும்போது ஸ்டேரிங்கைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியதில்லை என்பது அந்த ட்ரெக்டரின் பெருமைகளில் ஒன்றாக அன்று பேசப்பட்டது.

தோட்டத் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர் வேறு வழியில் போனது. 1948இல் வந்த முதல் வரிசையிலிருந்தே அதன் ஸ்டேரிங் பெட்டி எஞ்சினுக்குப் பின்புறத் தடுப்புச் சுவரோடு சேர்ந்து நிற்கிறது. ஆனால் அங்கிருந்து முன்னோக்கி வரும் நீளக் கம்பி நேரே சக்கரத்துக்குப் போவதில்லை. செசியின் முன் குறுக்குச் சட்டத்தில் உள்ள ஒரு இடைநிலைப் பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து இன்னொரு கம்பி சக்கரத்துக்குப் போகிறது. நீளக் கம்பியின் இரு முனையும் செசியிலேயே இருப்பதால் ஸ்பிரிங் ஏறி இறங்குவது அதைத் தொடுவதில்லை. அதற்குக் கொடுத்த விலை ஆறு பந்து மூட்டுகள். ஒவ்வொன்றும் தேயத் தேய ஸ்டேரிங்கில் ஆட்டம் கூடும். பழைய லேண்ட் ரோவரை ஓட்டியவர்கள் எல்லோரும் அந்த ஆட்டத்தைக் கையில் உணர்ந்திருப்பார்கள். ஆகப் பெட்டியைப் பின்னால் வைப்பது உலகப் புகழ்பெற்ற இரு நிறுவனங்கள் லட்சக்கணக்கில் செய்த காரியம். பெட்டி இடம் மாறுவதால் மட்டும் ஒரு வண்டி ஆபத்தானதாகிவிடாது; இடம் மாறிய பெட்டிக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள உறவை யாரும் கணிக்காமல் விட்டால்தான் ஆபத்து.

மலைச் சரிவில் அந்த உறவு எப்படி வெளிப்படும் என்பதற்கு லேண்ட்மாஸ்டர் நல்ல சான்று. இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களின் நடுவில் உருவாக்க உதவி, இங்கிலாந்தின் நொட்டிங்ஹமில் தயாராகி வந்த அந்த இருசக்கர உழவு இயந்திரத்தின் பெயர், இன்று எந்த நிறுவனத்தின் கை ட்ரெக்டருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஒவ்வொரு கைப்பிடியிலும் கிளட்ச் உள்ள வகைகளில், இடதுபக்கப் பிடியை அழுத்தினால் இடச்சக்கரத்துக்குப் போகும் விசை அறுந்து வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையில் இதில் குறையில்லை. பாரம் ஏற்றிய ட்ரெய்லரோடு செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் நிலையில் அதே இடப்பிடியை அழுத்தினால், தடை நீங்கிய இடச்சக்கரம் முந்தி ஓடும். வண்டி வலப்பக்கம் திரும்பும். வயலில் ஆண்டுக்கணக்காக ஒழுங்காக நடந்துகொண்ட ஏற்பாடு, பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் சரிவு ஒன்றில் எதிர்மாறாக நடந்துகொள்ளும். சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஸ்டேரிங் சரி’ என்று சொல்வது ஊவாவில் சோதனை ஆகாது.

கவுல் ஸ்டேரிங்கில் இப்படி மறைந்திருக்கும் பிழை, குழியில் விழும்போது சக்கரம் தானாகத் திரும்புவது. ஓட்டுநர் ஸ்டேரிங்கை அசைக்காமலே பிடித்திருப்பார். அச்சு எழும், கம்பி சக்கரத்தைத் தள்ளிவிடும். இதன் அளவை ஒரு பள்ளிக் கணக்கால் காட்டலாம். அச்சைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ரொட் 1000 மில்லிமீற்றர் நீளம், கிடையாக இருக்கிறது என்று கொள்வோம். ட்ரேக் லிங்கும் 1000 மில்லிமீற்றர். ஆனால் பெட்டி உயரத்தில் இருப்பதால் அதன் பின்முனை முன்முனையைவிட 200 மில்லிமீற்றர் மேலே நிற்கிறது. சக்கரம் ஒரு கல்லில் ஏறி அச்சு 50 மில்லிமீற்றர் உயர்ந்தால், ரேடியஸ் ரொட் அச்சை 1.25 மில்லிமீற்றர் பின்னே இழுக்கும். சரிந்த ட்ரேக் லிங்கோ தன் முன்முனையை ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் முன்னே தள்ளும். இரண்டுக்கும் இடையே 10 மில்லிமீற்றர் முரண். சக்கரக் கையின் நீளம் 150 மில்லிமீற்றர் என்றால், சக்கரம் கிட்டத்தட்ட 4 பாகை தானாகத் திரும்பிவிடும். இனி, அதே கம்பியைக் கிடையாக வைத்து நீளத்தைப் பாதியாக்குவோம்: 500 மில்லிமீற்றர். இப்போது முரண் 1.25 மில்லிமீற்றர், சக்கரம் திரும்புவது அரைப் பாகைதான். கம்பி நீளமாக இருந்தால் போதும் என்ற பரவலான நம்பிக்கை இந்தக் கணக்கில் நிற்கவில்லை. கம்பியின் சரிவுதான் பெரிய குற்றவாளி. கம்பியும் ரேடியஸ் ரொட்டும் ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் முரண் பூச்சியம். பெர்குசனின் வடிவமைப்பாளர்கள் இந்த நிலையை ஒட்டித்தான் தங்கள் கம்பிகளை வைத்தார்கள்.

சரிவைக் குறைக்க எளிதான வழி பிட்மன் ஆமை நீட்டிக் கீழே தொங்கவிடுவது என்று தோன்றும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. 150 மில்லிமீற்றர் கையை 225 ஆக்கினால், 15க்கு 1 என்றிருந்த ஸ்டேரிங் விகிதம் 10க்கு 1 ஆகிவிடும். ஸ்டேரிங் கனக்கும், குழியின் அடி நேரே ஓட்டுநரின் கைக்கு வரும். ஆகவே கையை நீட்டுவதற்கு முன் பெட்டியை எவ்வளவு தாழ்த்த முடியும், ரேடியஸ் ரொட்டின் பின்முனையை எவ்வளவு உயர்த்த முடியும் என்று பார்ப்பதே முறை. கை தொங்கினால் கம்பி ஒரு திசையில் போகும், நிமிர்ந்தால் எதிர்த்திசையில். அமெரிக்கப் படம் ஒன்றைப் பார்த்துக் கட்டும்போது அங்கே ஓட்டுநர் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம் என்பதும் கணக்கில் வர வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் போகும் ஸ்டேரிங் ஒன்றைக் கட்டிவிடுவது எளிது. வெல்டிங் வைப்பதற்கு முன் பலகையிலும் மட்டையிலும் கை, கம்பி, அச்சு எல்லாவற்றையும் முழு அளவில் செய்து அசைத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் கராஜ் பாஸின் கைத்திறன் மெய்யாகவே செல்லுபடியாகும் இடம் இதுதான். பணம் அதிகம் கேட்காத இடமும் இதுதான்.

அடுத்தது விசை. நின்ற வண்டியை ஒடிக்கும்போது ஓட்டுநர் ஸ்டேரிங் விளிம்பில் 20 கிலோ அளவுக்கு இழுப்பது சாதாரணம். ஸ்டேரிங்கின் ஆரை 19 சென்டிமீற்றர், பெட்டியின் விகிதம் 15க்கு 1, பிட்மன் ஆம் 15 சென்டிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், கம்பியின் முனையில் பிறக்கும் விசை 380 கிலோ எடைக்குச் சமம். பெட்டிக்குள் உராய்வில் ஒரு பகுதி கழியும். ஆனால் சக்கரம் கல்லில் மோதும்போது எதிர்த்திசையில் வரும் விசை இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். கவுலின் தகடு ஒரு மில்லிமீற்றர் கனம் இருந்தாலே பெரிது. அதில் நாலு போல்ட் போட்டுப் பெட்டியைத் தொங்கவிட்டால், ஸ்டேரிங்கைத் திருப்பும்போது சக்கரத்துக்கு முன் தகடு வளையும். அந்த வளைவு ஒவ்வொரு தடவையும் போல்ட் துளையின் ஓரத்தில் கிழிசலைத் தொடங்கி வைக்கும். பெட்டியின் பாரத்தைச் சுமக்க வேண்டியது செசி: செசியின் இரு சட்டங்களிலிருந்தும் எழும்பி வந்து, குறுக்கே ஒரு குழாயால் கட்டப்பட்ட சட்டகம். குறுக்குத் தண்டு வெளியே வரும் இடத்திலும் ஒரு பேரிங் தாங்கல் வேண்டும். இல்லாவிட்டால் நீட்டிய தண்டு பெட்டியின் உள் புஷ்சைத் தின்றுவிடும். தகட்டில் உள்ள துளை தண்டு வெளிவருவதற்கு மட்டும்தான்.

இனி, எதைச் செய்யக்கூடாது என்பது. சக்கரக் கையும் பிட்மன் ஆமும் டை எனும் உருவ அச்சுக்குள் அடித்து உருவாக்கிய உருக்கு. அவற்றின் வலிமை இரும்பில் மட்டுமல்ல, அதைப் பதப்படுத்திய சூட்டிலும் இருக்கிறது. பட்டறை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்த மறுகணம் அந்தப் பதம் போய்விடும். வெளியே பார்த்தால் முன்போலவே கறுப்பாக, உறுதியாகத் தெரியும். இரண்டு கைகளை வெட்டி நடுவில் ஒட்டி நீட்டுவது இன்னும் மோசம். வெல்டிங்கின் ஓரத்தில்தான் களைப்பு விரிசல் பிறக்கிறது. வார்ப்பிரும்புப் பெட்டியின் காதில் வெல்டிங் வைப்பதைச் சொல்லவே வேண்டாம். மூட்டுகளில் டை ரொட் எண்டின் கூம்பு, அதற்கென்று கடைந்த கூம்புத் துளையில் முழுக்க அமர வேண்டும். கோட்டை நட்டின் பள்ளமும் போல்ட்டின் துளையும் ஒத்து வந்த இடத்தில் புதிய ஸ்ப்ளிட் பின் போட்டு இரு முனையையும் விரிக்க வேண்டும். ஆணியை வளைத்துப் போடுவது அதற்கு மாற்று இல்லை. பந்தய வண்டிகளில் போடும் ரொட் எண்ட் மூட்டைப் பயன்படுத்துவதானால் அதன் போல்ட் இரு பக்கத் தாங்கலில் நிற்க வேண்டும். ஒரு பக்கத் தாங்கலில் நிற்கும் போல்ட் வளைந்து வளைந்தே முறியும். இந்த உறுப்புகளைச் செய்யாமல் எங்கே போவது என்றால், கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகலாம். ஜப்பான் லொறியின் பெட்டியையும் அதற்கே உரிய கையையும் சேர்த்து ஒரு தொகுதியாக வாங்க முடியும். கைக்கு ஏற்ப இடத்தை மாற்றுங்கள். இடத்துக்கு ஏற்பக் கையை வளைக்காதீர்கள்.

கவுல் ஸ்டேரிங் எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரு சக்கரத்தையும் ஒரே அச்சு பிணைக்கும் வண்டிக்குத்தான் அது. இலங்கையில் இன்றும் ஆசையோடு பேணப்படும் மொரிஸ் மைனர் 1948இல் பிறந்தபோதே ஒவ்வொரு சக்கரமும் தனித்து ஏறி இறங்கும் முன்பகுதியோடும், ரேக் அண்ட் பினியன் எனப்படும் பல்சட்ட ஸ்டேரிங்கோடும் வந்தது. அதில் கவுல் ஸ்டேரிங் பூட்டினால் ஒவ்வொரு குழியிலும் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுக்கும். அந்தக் காருக்கு அதன் பழைய ஸ்டேரிங்கே சிறந்தது.

இந்த எல்லைக்கோட்டுக்கு வரும் மறுப்புகளில் முதலாவது அனுபவத்தின் பெயரால் வருவது: கண்ணளவில் கட்டிய ஜீப்கள் இருபது வருடமாக ஓடுகின்றனவே, கணக்கு எதற்கு? ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் உலோகக் களைப்பு வருடத்தை எண்ணுவதில்லை, வளைவை எண்ணுகிறது. சமதரையில் ஒரு நாளில் வரும் திருப்பங்கள் எல்ல–வெல்லவாய வீதியில் ஒரே இறக்கத்தில் வந்துவிடும். 2025 செப்டெம்பர் 4 இரவு அந்த வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அது கராஜில் கட்டிய வண்டி அல்ல. எந்தக் காரணத்தால் வழிதவறினாலும் அந்த வீதி இரண்டாவது வாய்ப்புத் தருவதில்லை என்பதற்காக அதை இங்கே சொல்கிறேன். இரண்டாவது மறுப்பு: பந்தய மைதானத்துக்கு மட்டும் கட்டும் வண்டிக்கு இவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமா? 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகி 7 பேர் உயிரிழந்தார்கள். மைதானத்திலும் வண்டி வழிதவறினால் விலை கொடுப்பது ஓட்டுநர் மட்டும் இல்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது: சட்டம் இருக்கும்போது இந்த விவாதமே தேவையற்றது, எல்லா மாற்றத்தையும் தடைசெய்துவிட்டால் போதும் என்பது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ்ப் பதிவான வண்டியைத் திணைக்களத்தின் அனுமதியின்றி உருமாற்றுவது குற்றம் என்பதில் ஐயமில்லை. நானும் அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் தடை மட்டுமே இருந்தால் வேலை நிற்காது, இருட்டுக்குப் போய்விடும். ஆண்டு அனுமதிப்பத்திரத்துக்காகத் தனியார் கார் கடக்க வேண்டிய சோதனை புகைச் சோதனை. அது பிட்மன் ஆமை எட்டிப் பார்ப்பதில்லை. பிரித்தானியா 1998இலிருந்து வீட்டில் கட்டிய கார்களைத் தனித்தனியே பரிசோதித்து வீதிக்கு அனுமதிக்கும் முறையை நடத்துகிறது. 2009இல் அதைப் புதுப்பித்தது. ஸ்டேரிங் அங்கே பரிசோதிக்கப்படும் முக்கிய அங்கங்களில் ஒன்று. கட்டுபவருக்கு எதை எதிர்பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிவதால், அவர் கட்டும்போதே அதற்கேற்பக் கட்டுகிறார்.

ஊவாவில் இப்படிப்பட்ட பரிசோதனைக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. மோட்டார் வாகனப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியும் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் இருக்கின்றன. விரிசல் தேடும் சாய மை, எந்த லேத் பட்டறையும் வாங்கக்கூடிய பொருள். பிட்மன் ஆமைத் துடைத்து மையைப் பூசி, கழுவி, வெள்ளைப் பொடி தூவினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு சிவப்புக் கோடாக எழும். குழியில் சக்கரம் தானாகத் திரும்புகிறதா என்பதை அதைவிட எளிதாகப் பார்க்கலாம். செசியைத் தாங்கிகளில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டேரிங்கை நேராகக் கட்டிவைக்க வேண்டும். முன்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு நேர்ச் சட்டத்தை இறுக்கி, அதன் இரு முனையிலிருந்தும் தூக்குக் குண்டு விட்டு, அவை காட்டும் இரண்டு புள்ளிகளைத் தரையில் சுண்ணாம்பால் கோடாக இணைக்க வேண்டும். பிறகு ஜக்கால் அச்சை 50 மில்லிமீற்றர் உயர்த்தி இரண்டாவது கோட்டைப் போட வேண்டும். இரண்டு கோடும் இணையாக இருந்தால் கம்பி சரியான இடத்தில் நிற்கிறது; சரிந்து வெட்டிக்கொண்டால் பெட்டியை இன்னும் நகர்த்த வேண்டும்.